பழைய தேதியிலிருந்து

மாதேஸ்வரனின் இடது காலுக்கு அரசாங்கம் முதலில் போட்ட மதிப்பு நூற்றுக்கு நாற்பது. எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில், மேற்கு எல்லையில் ஏதோ ஒரு கோதுமை வயலில், கண்ணிவெடியின் மேல் வைத்த கால் அது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. மீதி அறுபது பங்கு ஆள் நன்றாகத்தான் இருக்கிறான் என்று பட்டாளத்து டாக்டர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஐந்து வருஷத்துக்கு ஊனப் பென்ஷன் என்று எழுபத்துமூன்றில் ஒரு தாளையும் கொடுத்து, சேலத்துக்குப் பக்கத்து மலையில் இருக்கிற அவன் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். அந்த அறுபது பங்கு ஆளோடு கிளியூருக்கு மேலே ஒன்றரை ஏக்கர் காப்பிக் காட்டில் குடித்தனம் நடத்தியவள் பாவாயி. அவளைக் கேட்டிருந்தால் வேறு கணக்குச் சொல்லியிருப்பாள். ஆனால் அவளை யார் கேட்டார்கள்?

ஐந்து வருஷம் முடிந்ததும் ஊனப் பென்ஷன் நின்றுபோனது. பட்டாளத்தில் இருந்த காலத்துக்கான சில்லறை மட்டும் மாதாமாதம் வந்தது. தாளில் போட்ட கெடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று மாதேஸ்வரன் இருந்துவிட்டான். யாரையும் போய்க் கேட்கவில்லை. கேட்கிற சுபாவமும் அவனுக்கு இல்லை.

எண்பத்துநாலில் வெட்டிய இடம் அழுக ஆரம்பித்தது. சேலத்தில் படுக்கப்போட்டு, தொடை வரைக்கும் எடுத்தார்கள். அந்தச் செலவுக்குக் காட்டுப் பத்திரத்தை ஒண்டிக்கடையில் காப்பிக்கொட்டை யாவாரம் செய்யும் தங்கராஜிடம் கொண்டுபோய் வைத்தார்கள். தங்கராஜ் கெட்டவரும் இல்லை, நல்லவரும் இல்லை; வட்டிக்கு விடுகிறவர். வாங்கிய ஐயாயிரம் நாலைந்து வருஷத்தில் பதினாலாயிரமாகக் குட்டி போட்டிருந்தது. எண்பத்தொன்பது தொடங்கும்போதே அவர் கெடு சொல்லிவிட்டார்.

"அடுத்த தை வரைக்கும் பாக்கறேனுங்க. பறிப்பு முடியறதுக்குள்ள பணத்தக் கட்டிப்போட்டா பத்திரம் உங்குளுது. இல்லீன்னா காடு எனக்குங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

காடு போனால் பாவாயியும் மகள் வெள்ளையம்மாளும் எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போகலாம். ஒற்றைக் காலோடு இருக்கிறவனை எந்த ரைட்டர் கூலிப் பட்டியலில் பேர் எழுதுவான்? அவன் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து கவாத்து பண்ணிய செடிகள் அவை. அந்தக் காட்டுக்குள் இருக்கும்வரைக்கும்தான் அவன் சம்சாரி. அதைத் தாண்டினால் பிறத்தியார் கையை எதிர்பார்க்கிற நொண்டி. இது பாவாயிக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

இதற்கு நடுவில்தான் அந்த நாற்பது எழுபதானது. சேலத்தில் முன்னாள் பட்டாளத்துக்காரர்களுக்கு என்று ஓர் ஆபீஸ் இருக்கிறது. அங்கே பொன்னுவேல் என்று ஒரு கிளார்க். அவரும் அவில்தாராக இருந்து வந்தவர். இவனுடைய ஊன்றுகட்டையைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டு, கையைப் பிடிக்காத குறையாக ஆபீசுக்குக் கூட்டிப்போய் மனு எழுதிப் போட்டவர் அவர்தான். எண்பத்தெட்டில் பெங்களூர் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் மறுபடி பார்த்தார்கள். காலின் மதிப்பு நாற்பதிலிருந்து எழுபதுக்கு ஏறியது. வேறு எது ஏறினாலும் மனிதர்கள் இனிப்பு வாங்கிக் கொடுப்பார்கள். இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் மாதேஸ்வரன் பொன்னுவேலுக்கு ஒரு கூடை ஆரஞ்சு கொண்டுபோனான். பாவாயியும் கூடப் போயிருந்தாள்.

ஆரஞ்சை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பொன்னுவேல் தாளைப் புரட்டினார்.

"எழுபது சரிங்க. ஆனா எண்பத்தெட்டுல இருந்துதான் போட்டிருக்காங்க. உங்குளுக்கு அஞ்சு வருசக் கெடு எழுபத்தெட்டு மே மாசம் முடிஞ்சிருக்குது. அப்பவே மறுபடி கூப்புட்டுப் பாத்திருக்கோணுமே. கூப்புடுலீங்களா?"

"இல்லீங்களே."

"கடுதாசி கிடுதாசி எதுவும் வருலயா?"

"வருலீங்க. வந்திருந்தா போவாம இருப்பனுங்களா?"

பொன்னுவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பிடீன்னா தப்பு உங்க பேருல இல்ல. கடுதாசி வருல, அதனால நான் வர முடியுலன்னு எழுதிக் குடுங்க. பழைய தேதியில இருந்து கணக்குப் பண்ணுவாங்க. நாப்பதும் எழுபதுமாப் பத்து வருசத்து அரியர்ஸ். முப்பதாயிரத்துக்குக் கொறையாதுங்க."

முப்பதாயிரம். மாதேஸ்வரன் திரும்பிப் பாவாயியைப் பார்த்தான். கல்யாணமான புதிதில் லீவில் வந்து இறங்கும்போது பார்க்கிற பார்வை அது. பாவாயி சிரித்தாள். சிரிக்காமல் இருக்க முடியுமா? ஆனால் கடுதாசி வந்தது அவளுக்குத் தெரியும். அவள்தான் வாங்கினாள். அவள்தான் அடுப்பில் வைத்தாள்.

ஏன் வைத்தாள் என்று கேட்டால், அதற்கு எழுபத்தொன்றுக்கே போக வேண்டும். அந்த வருஷம் மாதேஸ்வரன் லீவில் வந்திருந்தான். மூத்தவன், ஆண்பிள்ளை, இரண்டு வயசு, காய்ச்சலில் கிடந்தான். லீவு ரத்து, உடனே வா என்று தந்தி வந்தது. பையனின் உடம்பு அனலாகக் கொதித்துக்கொண்டிருக்க, இவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான். "உத்தரவு பாவாயி, என்ன பண்ணட்டும்" என்றான். ஒன்பதாம் நாள் பையன் போய்விட்டான். மண் தள்ள அப்பன் இல்லை. அதற்கப்புறம் இவன் காலில்லாமல் வந்து சேர்ந்தபோது, பாவாயி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. காலைக் கொடுத்துவிட்டு வந்தவனிடம் பிள்ளையைப் பற்றி என்னவென்று கேட்பது? அவனும் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அது அப்படியே கிடந்தது.

எழுபத்தெட்டு சித்திரையில் ஊருக்குள் அம்மை வந்தது. இரண்டு குழந்தைகள் போயின. வெள்ளையம்மாளுக்கு அப்போது நாலு வயசு. அவளுக்கும் முத்துப் போட்டிருந்தது. ஊர் கூடி மாரியாத்தாளுக்கு நோம்பி சாட்டித் திருவிழா எடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் என்று மாதேஸ்வரனும் காப்புக் கட்டிக்கொண்டு கோயிலிலேயே தங்கினான். காப்புக் கட்டினால் எட்டு நாளைக்கு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆத்தா யாருடைய வீட்டில் கை வைப்பாள் என்பதை ஊரில் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் போஸ்ட்மேன் ஏசுராஜ் வந்தார். வாசலில் கட்டியிருந்த வேப்பிலையைப் பார்த்துவிட்டு எட்டவே நின்றார்.

"பட்டாளத்துல இருந்து ரிஜிஸ்டர் கடுதாசிங்க. அண்ணன் எங்கீங்க?"

"காப்புக் கட்டிக் கோயல்ல இருக்காருங்க. என்னன்னு போட்டிருக்குதுங்க?"

ஏசுராஜ் பிரித்து இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் பார்த்தார். "பதினெட்டாந்தேதி பெங்களூர் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு வரோணுமாமுங்க. காலை மறுபடி பாப்பாங்களாம். கீழ இன்னும் என்னமோ எழுதியிருக்குது, அது எனக்கு வெளங்குல. அண்ணங்கிட்டக் குடுத்துருங்க, நாள் தவறக் கூடாது."

பதினெட்டாம் தேதி காப்புக்கு ஆறாம் நாள். ஏசுராஜ் நீட்டிய ஒப்புகை அட்டையில் பாவாயி இடதுகைப் பெருவிரலை அழுத்தினாள். அவர் பக்கத்தில் அவள் பேரை எழுதிக்கொண்டு போனார். அடுத்த வருஷமே அவர் நாமக்கல் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார்.

அன்றைக்கு அவர் தலை மறைந்ததும் பாவாயி யோசித்தாள். ரொம்ப நேரமெல்லாம் யோசிக்கவில்லை. உள்ளே பிள்ளை முனகிக்கொண்டிருந்தாள். இந்தக் கடுதாசியைக் கண்டால் அவன் காப்பை அறுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுவான், "உத்தரவு" என்பான். ஒரு பிள்ளையைக் கொடுத்தாயிற்று. இன்னொன்றைக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

இன்னொன்றும் அவள் நினைத்தாள். அந்த மலையில் பிறந்தவர்கள்தான் அப்படி நினைக்க முடியும். ஊர்ப் பஞ்சாயத்துக் கூடும்போது ஓர் ஆள் வரவில்லை என்றால் மூன்று தடவை சொல்லியனுப்புவார்கள். முதல் தடவை வராதவனை யாரும் தப்பாக நினைப்பதில்லை. காட்டில் வேலை இருந்திருக்கும், சீக்காக இருந்திருக்கும். இரண்டாம் தடவை கொஞ்சம் உறைப்பாகச் சொல்லியனுப்புவார்கள். மூன்றாவதற்கும் வராவிட்டால்தான் தீர்ப்பு. பத்து வீட்டுக்குப் பஞ்சாயத்துப் பண்ணுகிற கவுண்டருக்கே அந்தப் பொறுமை இருக்கிறது, தேசத்தை ஆளுகிற அரசாங்கத்துக்கு இருக்காதா? நோம்பி முடிந்ததும் அடுத்த கடுதாசி வரும், அப்போது அவனே வாங்கிக்கொள்ளட்டும் என்று அதை அடுப்பில் வைத்தாள்.

பிள்ளைக்கு முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பாவாயி இரண்டாவது கடுதாசிக்குக் காத்திருந்தாள். ஆனி போயிற்று, ஆடி போயிற்று. பென்ஷன் பணம் பாதிக்கும் கீழே இறங்கி வந்த மாதம்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், பறிப்பு முடியட்டும், அவன் காலில் புண் ஆறட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டாள். அப்புறம் சொல்ல முடியாத அளவுக்கு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது பொன்னுவேல் மனுவை எழுதி முடித்துவிட்டு, "ஊர்ல பெரிய மனுசரு ஒருத்தரு, கடுதாசி வருலங்கறது நெசந்தான்னு சாட்சிக் கையெழுத்துப் போடோணுமுங்க" என்றார்.

ஊர்க்கவுண்டர் காளியண்ணன். அவர் சுலபத்தில் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"உன்ற ஊட்டுக்குக் கடுதாசி வந்துச்சா வருலயான்னு எனக்கெப்பிடித் தெரியும் மாதேசா? ஆத்தா முன்னால ஒரு வார்த்த சொல்லிப்போடு. நானு கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"அதுக்கென்னங்க" என்றான் மாதேஸ்வரன். பொய் சொல்கிறவன்தானே யோசிப்பான்?

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். கற்பூரத்தைக் கொளுத்தி வைத்தார்கள். அதை அணைத்துச் சத்தியம் பண்ணினால் போதும். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் மாதேஸ்வரனுக்கு உற்சாகம். நெஞ்சில் ஒன்றும் இல்லாதவனுக்கு வருகிற உற்சாகம் அது.

"கண்ணு, இங்க வா" என்று மகளைக் கூப்பிட்டான்.

வெள்ளையம்மாளுக்குப் பதினைந்து வயசு. எண்ணெய் வைத்து வாரிய தலையோடு வந்து நின்றாள். அவள் உச்சியில் இடது கையை வைத்தான்.

பாவாயி பத்தடி தள்ளி நின்றிருந்தாள். "வேண்டாமுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு வரைக்கும் வந்தது. வந்த வார்த்தைக்குப் பின்னாலேயே காடு வந்தது, தங்கராஜின் கெடு வந்தது, முப்பதாயிரம் வந்தது. எந்தப் பிள்ளைக்காகக் கடுதாசியை எரித்தாளோ, அந்தப் பிள்ளையின் தலையில் பொய்ச் சத்தியம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எந்தக் கடுதாசியும் வருல. ஆத்தா மேல, என்ற புள்ள மேல சத்தியம்" என்று அவன் கற்பூரத்தை அணைத்தான். காளியண்ணன் கையெழுத்துப் போட்டார்.

இவளெல்லாம் ஒரு தாயா என்று யாரும் கேட்கலாம். அவளே கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து வெள்ளையம்மாள் தும்மினால் பாவாயிக்கு உயிர் போயிற்று. காலில் முள் குத்தினால் மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தபோது விடிய விடியப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா உனக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சா?" என்று மகள் சிரித்தாள். குற்றம் செய்தவர்களுக்குச் சாமி நம்பிக்கை கூடிவிடுகிறது. பாவாயி செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஒருபொழுது இருந்தாள்.

மாதேஸ்வரனோ ஆளே மாறிப்போனான். நாளைக்கே பணம் கைக்கு வந்துவிடுகிற மாதிரி, சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் மிளகுக் கொடி நடக் குழி எடுக்கச் சொன்னான். ஊன்றுகட்டையை ஊன்றிக்கொண்டு நின்று, "இந்தக் குழி இன்னம் ஒரு சாண் போவோணும்" என்று அதட்டினான். பத்து வருஷத்தில் அவன் அதட்டி அவள் கேட்டதில்லை. ராத்திரிச் சோற்றை முடித்துவிட்டு, "தங்கராஜுக்குப் பதினாலு போனா மிச்சத்துல ஊட்டுக்கு ஓடு போட்டுரலாம் புள்ள. பாப்பாவுக்கு ஒரு தோடு" என்பான். "ஆகட்டுங்க" என்பாள் பாவாயி. அவளும் அரைவாசி நம்ப ஆரம்பித்தாள். பத்து வருஷத்து அட்டையை எவன் வைத்திருக்கப் போகிறான்? கரையான் தின்றிருக்காதா? ஏசுராஜே உயிரோடு இருக்கிறாரோ என்னவோ.

ஐப்பசி மழையில் பொன்னுவேலிடமிருந்து கார்டு வந்தது. பதில் வந்திருக்கிறது, சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று எழுதியிருந்தார். சம்சாரத்தை ஏன் கூட்டி வரச் சொல்கிறார் என்று மாதேஸ்வரன் யோசிக்கவில்லை. பணம் வாங்க ஜோடியாகக் கூப்பிடுகிறார்கள் என்று வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டினான். பாவாயி உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை.

பொன்னுவேல் அவர்களை உட்காரச் சொன்னார். டீ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். அதிலேயே பாவாயி தெரிந்துகொண்டாள். நல்ல சேதி சொல்கிறவர்கள் டீக்குக் காத்திருக்க மாட்டார்கள்.

அவர் பைலிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரிஜிஸ்டர் தபாலின் அட்டை. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் எடுத்திருந்தார்கள். ஏசுராஜின் சாய்ந்த கையெழுத்தில் "பாவாயி, மனைவி" என்று இருந்தது. பக்கத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை.

"எழுபத்தெட்டுல மே மாசம் பதினஞ்சாந்தேதி குடுத்திருக்காங்க" என்றார் பொன்னுவேல், யாரையும் பார்க்காமல். "இது உங்க ஊட்டு அம்மாளுது தானுங்களா?"

மாதேஸ்வரன் தாளைக் கையில் எடுத்துக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

"நாந்தானுங்க" என்றாள் பாவாயி. "நாந்தானுங்க வாங்கி எரிச்சுப்போட்டேன். அவுருக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாதுங்க. அப்பிடி எழுதிக்கங்க சார். என்னைய வேணுமின்னா செயில்ல போடுங்க, அவுரு பணத்தக் குடுத்துருங்க."

"ஊட்டுல யாரு வாங்குனாலும் அவுரு வாங்குன மாதிரித்தானுங்க அம்மா" என்றார் பொன்னுவேல். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ஏனுங்க எரிச்சீங்க?"

"காப்புக் கட்டியிருந்தாருங்க. பாப்பாவுக்கு முத்துப் போட்டிருந்துச்சு. எல்லையத் தாண்டுனா…" அவள் தன் பெருவிரலைப் பார்த்தாள். "மறுக்காக் கூப்புடுவாங்கன்னு நெனச்சனுங்க. மூணு தடவ கூப்புடுவாங்கன்னு."

பொன்னுவேல் பைலில் இன்னொரு தாளைப் புரட்டினார். அன்றைக்கு ஏசுராஜுக்கு விளங்காத கீழ்ப்பாதி அதில் இருந்தது. தமிழில் நிதானமாகச் சொன்னார். குறித்த தேதியில் வர முடியாதவர்கள் காரணத்தை எழுதித் தெரிவித்தால் வேறு தேதி கொடுக்கப்படும்.

"ஒரு கார்டு போட்டிருந்தாப் போதுமுங்க" என்றார். "புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரே ஒரு கார்டு."

டீ வந்தது. யாரும் தொடவில்லை. பொன்னுவேல் தயங்கித் தயங்கி மீதியையும் சொன்னார். கடுதாசி வரவில்லை என்று எழுதிக்கொடுத்தது பொய் என்று ஆகிவிட்டது. விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பிடிவாதம் பிடித்தால் இப்போது கிடைக்கிற எழுபதுக்கும் வில்லங்கம் வரலாம். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எண்பத்தெட்டிலிருந்து கொடுத்ததே போதும் என்று எழுதிவிடுவதுதான் நல்லது. அந்தப் பாக்கி ஏற்கனவே வந்து, தங்கராஜின் வட்டியில் கரைந்து போயிருந்தது.

"எழுதுங்க" என்றான் மாதேஸ்வரன்.

"காரணம் என்னன்னு போடறது? சம்சாரம் மறைச்சுட்டாங்கன்னு போட்டா…"

"அதெல்லாம் வேண்டாமுங்க. கடுதாசி வந்துச்சு, நாந்தேன் போவுல. அப்பிடியே எழுதுங்க."

கையெழுத்துப் போட்டான். பட்டாளத்தில் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் கையெழுத்து. போட்டுவிட்டுப் பேனாவை மூடி, பொன்னுவேலிடம் மரியாதையாகக் கொடுத்தான்.

பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பாவாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். அடிவாரம் தாண்டி, கொண்டைஊசி வளைவுகளில் பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் அவன் உடம்பு அவள்மேல் சாய வேண்டும். ஒரு காலால் முட்டுக் கொடுத்து அவனால் உட்கார முடியாது. எப்போதும் அவள்தான் தோளைக் கொடுத்துத் தாங்குவாள். அன்றைக்கு அவன் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாயாமலே வந்தான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். பாவி, சண்டாளி என்று பஸ்ஸே கேட்கத் திட்டியிருந்தாலும் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒண்டிக்கடையில் இறங்கும்போது மழை விட்டிருந்தது. தங்கராஜ் கடை வாசலில் மூட்டைக்குத் தார்ப்பாய் மூடிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க, பணம் வந்துருச்சுங்களா?"

"வராதுங்க" என்றான் மாதேஸ்வரன். "நீங்க சொன்ன கெடு வரைக்கும் இருக்க வேண்டாம். இந்தப் பறிப்பையே நீங்க பறிச்சுக்கங்க. ஊட்டுச் சாமானத்த எடுக்க மட்டும் ரண்டு நாள் குடுங்க."

தங்கராஜ் தார்ப்பாயை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அவசரமில்லீங்க" என்று முனகினார். மாதேஸ்வரன் அதற்குள் ரோட்டைக் கடந்துவிட்டான்.

கிளியூர் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. ஊன்றுகட்டை ஈர மண்ணில் புதைந்து புதைந்து எழுந்தது. பாவாயி இரண்டு எட்டுப் பின்னால் நடந்தாள். எஸ்டேட் கேட்டைத் தாண்டியதும் அவன் நின்றான். மூச்சு வாங்குவதற்காக நிற்கிறான் என்று நினைத்தாள்.

"மூத்தவன உட்டுப்போட்டுப் போனனே" என்றான், ரோட்டைப் பார்த்தபடி. பதினெட்டு வருஷத்தில் அந்தப் பேச்சை அவன் எடுப்பது அதுதான் முதல் தடவை. "ரயில்ல ஏறுனதுல இருந்து வயல்ல கால வெக்கற வரைக்கும் அதே நெனப்புத்தான் புள்ள. அங்க போயிச் சேந்த பொறவுதான் சேதி வந்துச்சு. கண்ணு எங்க பாத்துச்சு, காலு எங்க போச்சுன்னு எனக்கே தெரியல. கீழ பாத்து நடந்திருந்தா அந்தக் கண்ணி தெரிஞ்சிருக்கும். எனக்குப் பின்னால வந்தவனுக்குத் தெரிஞ்சிருக்குதே."

அவன் கட்டையை ஈர மண்ணிலிருந்து பிடுங்கி வேறு இடத்தில் ஊன்றினான்.

"அன்னைக்குக் கடுதாசியக் கொண்டாந்து எங்கையில குடுத்திருந்தீன்னா, கோயல்ல உக்காந்துக்கிட்டே ஒரு கார்டு எழுதிப் போட்டிருப்பேன். பாப்பா அப்பிடிக் கெடக்கறப்ப எந்த உத்தரவு வந்தாலும் நான் எந்திரிச்சிருக்க மாட்டேன். அது உனக்குத் தெரியாதா?" அவன் திரும்பி அவளைப் பார்த்தான். சேலத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து அப்போதுதான் பார்த்தான். "அவளையும் உட்டுப்போட்டுப் போயிருவேன்னா நெனச்ச?"

பொய் சொல்லலாம். இல்லீங்க, பயத்தில் புத்தி கெட்டுப்போச்சுங்க என்று சொல்லலாம். அவன் அதைத்தான் கேட்க நின்றான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. காடும் இல்லை, பணமும் இல்லை. இந்த ஒரு பதிலையாவது கொடுத்து அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம். ஆனால் பிள்ளையின் தலையில் ஒரு பொய் ஏற்கனவே இருந்தது. இன்னொன்றை ஏற்ற அவளுக்குத் தெம்பு இல்லை.

"ஆமாங்க" என்றாள். "போயிருவீங்கன்னுதான் நெனச்சேன். இன்னைக்கு வரைக்கும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டிருந்தனுங்க."

அவன் தலையை ஆட்டினான். பிறகு கட்டையைக் கக்கத்தில் சரியாக வைத்துக்கொண்டு, "நீ முன்னால போ புள்ள, பாப்பா தனியா இருப்பா" என்றான்.